சுமை: ஐம்பத்திரண்டு கிலோ

ஆராய்ச்சிக்குப் பணம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று எல்லோரும் சொல்வார்கள். குதிரை ஆராய்ச்சிக்கே பணம் கேட்கிறவர்கள் மட்டும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவர்களுக்கு அதில் சிரிப்பு வராது.

குதிரை டாக்டர் போன வருடமே ஒரு முறை கேட்டுப் பார்த்துவிட்டாள். "நல்ல யோசனை, ஆதாரம் போதாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருடமும் அதே பதில் வந்தால் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கல்லூரி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டியதுதான். அந்த இரண்டு அறைகளையும் நாற்காலிக் கிடங்காக்கலாமா என்று ஒருவர் வந்து அளவெடுத்துவிட்டுக்கூடப் போயிருந்தார். நல்ல மனுஷர். போகும்போது, "உங்களுக்குக் கிடைக்கணும்னு வேண்டிக்கறேன் மேடம்" என்று சொல்லிக்கொண்டே நாடாவைச் சுருட்டினார்.

அவள் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். பந்தயக் குதிரையின் கால் ஒரே நாளில் ஒடிந்துவிடுவதில்லை. முதலில் எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல் விழுகிறது. வலிக்கிறது என்று சொல்ல அதற்கு வாய் இல்லை, ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் வலிக்கிற காலில் எடையைக் கொஞ்சம் குறைத்துப் போடும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். அதைப் பிடிக்க, சேணத்தை இறுக்கிக் கட்டுகிற வயிற்றுப்பட்டையில் தீப்பெட்டி அளவு சென்சார் ஒன்றைச் செருகி வைத்தாள். ஒவ்வொரு அடியிலும் இடமும் வலமும் சமமாக விழுகிறதா என்று அது கணக்குப் பார்க்கும். கணக்கு வாரத்துக்கு வாரம் ஒரே பக்கமாகக் கோணிக்கொண்டே போனால் ஆபத்து என்று சொல்லும். விரிசலுக்கு ஓய்வு கொடுத்தால் போதும், தானாகக் கூடிவிடும். ஒடிந்துவிட்டால் ஓய்வு கிடையாது, ஊசிதான். அந்தக் கடைசி ஊசியை அவள் தன் கையால் பல முறை போட்டிருக்கிறாள். இனிமேல் போடக்கூடாது என்கிற வெறியில்தான் இத்தனை வருடம் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

இந்த முறை ஆதாரம் போதாது என்று எவனும் சொல்லக்கூடாது என்று, தெரிந்த டிரெயினர் ஒருவரின் லாயத்தில் இருபத்து நான்கு குதிரைகளுக்குச் சென்சார் மாட்டினாள். டிரெயினர் சுலபத்தில் மசிகிற ஆள் இல்லை. அவள் தம்பி அந்த லாயத்தில் தினமும் காலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்குகிற சவாரிக்காரன் என்பதால், "சரி, உன் அக்கா வந்து என்னத்தையோ கட்டிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார்.

சீசன் முடியும்போது மூன்று குதிரைகளின் கணக்கு கோணிக்கொண்டது. நான்கு, பதினேழு, இருபது. அவளுக்கு வருத்தமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் உண்மை அதுவல்ல. சந்தோஷமாக இருந்தது. மூன்று விரிசல்களைப் படம் எடுத்து விண்ணப்பத்தில் ஒட்டிவிட்டால் போதும், நிதிக் குழுவினர் வாயடைத்துப் போவார்கள், குதிரைகளும் பிழைக்கும். மாட்டேன் மாட்டேன் என்ற டிரெயினரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மூன்றையும் பந்தயத்திலிருந்து நிறுத்தி, குதிரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பி ஸ்கேன் எடுக்க வைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் டிரெயினர் போன் செய்தார்.

"டாக்டரம்மா, என் குதிரைங்க மூணும் கல்லு மாதிரி இருக்குதாம்."

"நாலு காலும் பாத்தாங்களா?"

"நாலு காலும் பாத்தாச்சு, முதுகும் பாத்தாச்சு. விட்டிருந்தா ஜாதகமும் பாத்திருப்பாங்க. ஒரு பந்தயம் போச்சு எனக்கு. முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க."

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். கையில் இருப்பதோ மூன்று முறை கூவி மூன்று முறையும் பொய்யாகிப்போன ஒரு கருவி.

பேராசிரியர் அவளை விடப் பழைய ஆள். துறைத் தலைவர், விண்ணப்பத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அட்டவணையை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு வரிதானேம்மா. எடுத்துடு."

"எப்படி சார் எடுக்கறது?"

"சென்சார் சரியா பொருந்தலைன்னு ஒரு குறிப்பு போட்டு எடுத்துடு. பொருந்தாம போறது சகஜம்தான். இருபத்தொரு குதிரைல ஒண்ணுக்கும் எச்சரிக்கை வரல, ஒண்ணுக்கும் கால் ஒடியல. அழகா இருக்கு."

"பொருந்தலைனு எனக்குத் தெரியாதே சார்."

"பொருந்துச்சுன்னு தெரியுமா?"

கெட்டவர் இல்லை அவர். கல்லூரியில் அவளுக்காக அவர் போட்ட சண்டைகள் அவளுக்குத் தெரியும். கூடம் மூடப்பட்டால் அவளைவிட அவருக்குத்தான் அவமானம். அதனால்தான் அந்த யோசனை அவளுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. பெரியவர் சொல்கிறார், நாம் கேட்கிறோம், பழி யார் தலையிலும் இல்லை. போய்ப் பார்த்து, ஒரு பட்டையாவது தளர்ந்திருந்தால் மூன்றையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

வியாழக்கிழமை காலை அவள் பந்தயத் திடலுக்குப் போனது அப்படித்தான், சென்சார் மேல் பழி போட. ஒவ்வொரு பட்டையாக விரல் விட்டுப் பார்த்தாள். ஒன்றும் தளர்ந்திருக்கவில்லை. லாயத்து ஆட்கள் அவள் சொன்னதற்கு மேலேயே இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்கள் மேல் அவளுக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கோபம் வந்தது.

ஓடி முடித்த குதிரைகள் நடந்து திரும்பிக்கொண்டிருந்தன. நடைபாதையின் கடைசியில், வழக்கமாக நிற்கிற கம்பியோரமாகப் போய் நின்றாள். நொண்டல் பார்ப்பது ஒரு வியாதி. பிடித்துக்கொண்டால் விடாது. கடையில் தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கோணலாக ஓடினால்கூட அவள் மனசு 'முன்னங்கால், வலது' என்று குறித்துக்கொள்ளும். பதினேழாம் குதிரை அவளைத் தாண்டிப் போனது. பெண் குதிரை, காதை மடக்கிக்கொண்டு எல்லோரையும் முறைத்தபடியே போயிற்று. கால்கள் கடிகாரம் மாதிரி விழுந்தன. ஸ்கேன் எடுத்தவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குப் பின்னால், சேணத்தைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஒருவன் சேண அறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். 'பின்னங்கால், இடது' என்றது அவள் மனசு. நடையிலேயே தெரிகிறது, ஓடவிட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை. அடுத்த கணம்தான் உறைத்தது, பார்த்துக்கொண்டிருப்பது இரண்டு கால் பிராணி என்று. அதற்கும் அடுத்த கணம், அது தன் தம்பி என்று.

ஒரே வீட்டில் இருக்கிறார்கள் இரண்டு பேரும். ஒரே கெட்டிலில் டீ போட்டுக் குடிக்கிறார்கள். அவன் கொஞ்ச நாளாகச் சமையல் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டேதான் குடிக்கிறான், உட்கார்வதே இல்லை. அவசரக்காரன் என்று அவளும் திட்டியிருக்கிறாள். எதிர்த் திடலில் போகிற குதிரையின் நொண்டலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, எதிரில் டீ குடிக்கிறவன் தெரியவில்லை.

டிரெயினர் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் கேட்டாள்.

"நாலு, பதினேழு, இருபது. இந்த மூணையும் காலைல யாரு ஓட்டறது?"

"உங்க நம்பரெல்லாம் எனக்குத் தெரியாது. பேர் சொல்லுங்க."

"ஸ்கேனுக்குப் போச்சே, அந்த மூணும்."

"கோபக்காரியும் அவ தம்பிங்க ரெண்டு பேருமா? உங்க தம்பியத் தவிர வேற எவன் ஏறினாலும் கீழ தள்ளிடும். மத்த குதிரைங்க மேல தினம் ஒருத்தன் ஏறுவான். இதுங்க மூணும் அவனுக்கே எழுதி வச்சது."

கோபக்காரி. அந்தப் பேரை அவள் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். "இன்னிக்கு கோபக்காரி என்ன பண்ணா தெரியுமா" என்று அவன் தினமும் கதை சொல்வான். அவனுக்கு அது கோபக்காரி, அவளுக்கு அது பதினேழு. இரண்டும் ஒரே குதிரை என்று இருவருக்கும் தெரியவில்லை.

அவளுடைய அட்டவணையில் இல்லாத விவரம் இல்லை. குதிரையின் வயது, எடை, லாடம் அடித்த தேதி, தீவனம், தரை ஈரமா காய்ந்ததா, காற்று எந்தப் பக்கம், எல்லாம் உண்டு. மேலே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் ஓர் இடம் இருந்தது. 'சுமை' என்ற தலைப்பில், கிலோவில். மூன்று குதிரைகளுக்கும் நேரே ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு என்று அவளே அடித்து வைத்திருந்தாள். அந்த ஐம்பத்திரண்டு கிலோவுக்கும் எலும்பு இருக்கும், அது ஒரு பக்கம் வலித்தால் மறுபக்கமாகச் சாய்ந்து உட்காரும், மேலே கோணினால் கீழே ஓடுகிற குதிரையும் கோணித்தான் ஓடும் என்பது அவளுக்கும் பேராசிரியருக்கும் தோன்றவே இல்லை. குதிரையையே பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போனவர்கள் மட்டும் செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. குழந்தையைக் கேட்டிருந்தால்கூட, குதிரை மேலே ஒரு மாமா இருக்கிறார் என்று சொல்லியிருக்கும்.

சேண அறையில் தம்பி சுவரில் கை ஊன்றிக்கொண்டு நின்றான். அவளைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டான்.

"இந்தப் பக்கம் என்னக்கா காலைலயே?"

"எத்தன நாளாடா இடுப்பு வலிக்குது?"

"ஒண்ணுமில்லக்கா."

"எத்தன நாளா?"

"சுளுக்கு. போன மாசம் கோபக்காரி என்னை லாயத்து கேட்டுல இடிச்சிட்டா. சரியாப் போயிடும்."

"இடது கால்ல மட்டும் நில்லு பாக்கலாம்."

"என்ன, நான் என்ன குதிரையா?"

"குதிரையா இருந்திருந்தா எப்பவோ கண்டுபிடிச்சிருப்பேன். நில்லு."

அவன் நின்றான். ஒரு கணம்கூட முழுசாக நிற்கவில்லை, முகம் வெளுத்துவிட்டது. மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"டிரெயினர்கிட்ட சொல்லிடாதக்கா. நான் ஒரு வாரம் வரலைன்னா வேற ஒருத்தன் ஏறிடுவான். ஏறினவன இறக்க முடியாது."

"ஏறினவன் கீழ விழுவான்னு அவரே சொல்றாரு. கெளம்பு."

வண்டியில் போகும்போது அவள் வாயே திறக்கவில்லை. வாயைத் திறந்தால் திட்டுவாள், திட்டினால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அவனும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தான். ஒவ்வொரு குழியிலும் வண்டி குலுங்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்தான். இத்தனை வருடமும் இந்தச் சாலையில் இத்தனை குழி இருப்பதை அவள் கவனித்ததில்லை.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். தொடை எலும்பு இடுப்பில் போய்ச் சேருகிற கழுத்தில், பென்சிலால் லேசாக இழுத்த மாதிரி ஒரு கோடு. யாரும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை. மூன்று குதிரைகளின் பன்னிரண்டு கால்களிலும் அவள் தேடின கோடு அதுதான்.

"இத வச்சுக்கிட்டா குதிரை ஓட்டினீங்க?" என்று கேட்டார் எலும்பு டாக்டர்.

"நடக்கறத விட ஓட்டறது சுலபம் சார்."

"நல்ல வேளை, இப்ப வந்தீங்க. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ரெண்டா போயிருக்கும். அப்புறம் குதிரை என்ன, மாடிப்படி ஏறறதே கஷ்டம். இப்ப ரெண்டு ஸ்க்ரூ போட்டா போதும். மூணு மாசம் ஓய்வு. பழையபடி ஓட்டலாம்."

பழையபடி ஓட்டலாம் என்ற வார்த்தை அவள் வயிற்றில் பால் வார்த்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சும்மாவா சொன்னார்கள். தாழ்வாரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த தம்பி அவளைப் பார்க்காமலே பேசினான்.

"எனக்கு அப்பாடான்னு இருக்குக்கா."

"ஏன், மூணு மாசம் தூங்கலாம்னா?"

"தினமும் ஏறும்போது, இன்னிக்கு யாராச்சும் பாத்துட மாட்டாங்களான்னு நெனப்பேன். நானா நிறுத்த முடியல. யாராச்சும் நிறுத்தினா நல்லா இருக்கும்னு இருந்துச்சு."

திட்டுவதற்கு அவள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். சின்ன வயதில் தட்டுகிற மாதிரி பலமாகத் தட்டவில்லை.

சாயங்காலம் டிரெயினர் ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்த்தார். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. ஆனால் என்ன நடந்தது என்று அவள் சொன்னதும் அது மெல்லக் கரைந்தது. "அப்போ என் குதிரைங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் இல்ல" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு தம்பியிடம், "மூணு மாசம் கழிச்சு ஒழுங்கா வந்து சேரு. அந்த முரட்டுக் கழுதைங்கள வேற எவன் ஓட்டறது" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் அன்பான பேச்சு வந்ததாக லாயத்தில் யாருக்கும் நினைவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தம்பிக்கு ஸ்க்ரூ போட்டு முடிந்து, அவன் கண் விழித்து, தண்ணீர் கேட்ட பிறகு அவள் கல்லூரிக்குப் போனாள். பேராசிரியர் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் அவர் கண்ணாடி நெற்றியிலிருந்து தானாகவே மூக்குக்கு இறங்கிவிட்டது.

"தம்பி எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான் சார்."

"கடவுளே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ காரணம் கெடச்சிருச்சு. சவாரிக்காரர் உடல்நிலை சரியில்லன்னு போட்டு, அந்த மூணையும் எடுத்துடலாம். இப்ப பொய்யும் இல்ல."

பொய் இல்லைதான். அதுதான் கஷ்டம். நேற்றுக் காலை இந்த வசதி கிடைத்திருந்தால் அவள் ஓடி வந்து பிடித்துக்கொண்டிருப்பாள்.

"எடுக்க வேண்டாம் சார். என்ன நடந்துச்சோ அப்படியே எழுதறேன். இனிமே மேல இருக்கறவரையும் சேர்த்துத்தான் பாக்கப் போறோம்னு எழுதறேன்."

"அம்மா, நிதி குதிரைக்கு. மனுஷனப் பத்தி எழுதினா, வேற கதவத் தட்டுங்கன்னு சொல்லிடுவாங்க. நாற்காலிக்காரன் நாளைக்கே வந்து நிப்பான்."

"வரட்டும் சார்."

"வரட்டும்னு சுலபமா சொல்லிட்ட. உள்ள நம்ம வாழ்க்கை இருக்கு."

"கருவி வேலை செஞ்சிருக்கு சார். அந்த மூணு வரில மட்டும்தான் வேலை செஞ்சிருக்கு. அத எடுத்துட்டு மிச்ச இருபத்தொண்ண வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு பேருமாக மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து திருப்பி எழுதினார்கள். அவள் கோபத்தில் எழுதின வரிகளை அவர் அடித்தார், அவர் பயத்தில் எழுதினதை அவள் அடித்தாள். ஐந்து மணி நெருங்க நெருங்க, விண்ணப்பத் தளத்தில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. பேராசிரியர் திரையைப் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கடைசியில் 'பெறப்பட்டது' என்று வந்தது. அவள் படித்துச் சொன்னதும், கல்யாணப் பெண்ணை அனுப்பி வைத்த தகப்பன் மாதிரி நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

அடுத்த மாதம் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதுவே பாதிக் கிணறு தாண்டின மாதிரி. பாதிக் கிணறு தாண்டுவது எவ்வளவு ஆபத்து என்று பேராசிரியர் அவளுக்கு வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தார். கேட்கக்கூடிய கேள்விகள் என்று எண்பது கேள்வி தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் பதிலை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்.

நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் தலைவி, புள்ளியியல் படித்தவர், கத்தி மாதிரி பேச்சு. ஓரத்தில் ஒரு குள்ளமான கிழவர், பழைய ஜாக்கி. பந்தயக்காரர்கள் தரப்பில் ஓர் ஆள் வேண்டும் என்று ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார வைத்திருந்தார்கள் போலிருந்தது. முன்னால் போனவர்கள் யாரிடமும் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.

"உங்க கருவி மூணு தடவை எச்சரிச்சுது. மூணு குதிரைக்கும் ஒண்ணுமில்ல" என்றார் தலைவி. "இருபத்து நாலுல மூணு தப்பு. இதுக்கு நாங்க ஏன் பணம் தரணும்?"

இது எண்பது கேள்விகளில் முதல் கேள்வி. பதில் ஒன்றரைப் பக்கம். அவளுக்கு அதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

"அது தப்பு பண்ணல மேடம். விரிசல் இருந்துச்சு. நான்தான் வேற எலும்புல தேடினேன்."

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். அவள் மேலே சொல்லிக்கொண்டே போனாள். குதிரையையும் சவாரிக்காரரையும் தனித்தனியாக அளந்தால், கோணல் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துவிடலாம். இரண்டு உயிருக்கும் ஒரே கருவி போதும். கோணல் குதிரையுடையது என்றால் குதிரைக்கு ஓய்வு, ஆளுடையது என்றால் ஆளுக்கு ஓய்வு. சொல்லச் சொல்ல அவளுக்கே தைரியம் வந்தது. தலைவி நான்கைந்து கேள்விகள் கேட்டார், ஒவ்வொன்றும் எலும்பு வரை போயிற்று. ஆனால் அவை மூடப் பார்க்கிறவரின் கேள்விகள் இல்லை, நம்பப் பார்க்கிறவரின் கேள்விகள்.

"வேற யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கேட்டார் தலைவி, எழுந்திருக்கப் போகிறவர் மாதிரி.

ஓரத்திலிருந்த கிழவர் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பையனுக்கு இப்ப வலி இருக்கா?"

அறையில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எண்பதில் இல்லாத கேள்வி. பேராசிரியர் காகிதங்களைப் புரட்டத் தொடங்கிவிட்டார், பாவம்.

"இல்ல ஐயா" என்றாள் அவள். "நடக்கறான். ஊன்றுகோல் வச்சுக்கிட்டு."

"நல்லது" என்றார் கிழவர். "எங்க காலத்துல குதிரை எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க."

அவ்வளவுதான் சொன்னார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நிதி கேட்க வந்த இடத்தில் அழுதால் என்ன நினைப்பார்கள் என்று பயந்து, குனிந்து பையைத் தேடுகிற மாதிரி பாவனை செய்தாள்.

தலைவியின் போன் அவர்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கும்போதே வந்தது. கேட்டதில் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், ஆனால் கொடுத்துவிட்டார்கள். பேராசிரியர் நிறுத்தத்து இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு நாற்காலிக்காரனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அந்த நல்ல மனுஷர் நிஜமாகவே சந்தோஷப்பட்டாராம்.

வீட்டில் தம்பி காலை நீட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான்.

"கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு."

அவன் சிரித்தான், கையைத் தூக்கிக் காட்டினான், எழுந்திருக்கப் பார்த்து வேண்டாம் என்று உட்கார்ந்தான். கூடம் பிழைத்தது, வேலை பிழைத்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கோபக்காரியப் பத்திக் கேட்டாங்களா?"

"இல்ல. உன்னப் பத்திக் கேட்டாங்க."

"என்னப் பத்தியா? என்னன்னு?"

"வலி இருக்கான்னு."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். தெருவில் யாரோ வண்டியை நிறுத்திவிட்டுப் போனார்கள்.

"நீ என்ன சொன்ன?"

"இல்லைனு சொன்னேன்."

"இருக்குக்கா," என்றான் தம்பி. "காலைல எழுந்திருக்கும்போது ரொம்ப வலிக்குது."

இதுவரை அவன் வாயிலிருந்து அவள் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. நிதி கிடைத்ததைவிட அதுதான் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே, எப்போதெல்லாம், எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். அவனும் சொன்னான்.